240 கிலோ பைக்குக்கு எந்த டயர்? சேலத்திலிருந்து பெங்களூருக்கும் ஏற்காட்டுக்கும் ஓட்டுபவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான்: பெட்ரோலோடு 240 கிலோவுக்கு நெருக்கமான 1,000 சி.சி. ஸ்போர்ட் டூரர், அதாவது நெடுந்தூரம் வேகமாகப் போவதற்கான பைக். மாதம் இரண்டு தடவை பெங்களூரு, இரண்டு தடவை ஏற்காடு. பாதி நேரம் பின்னால் மனைவி, பக்கவாட்டில் இரண்டு பெட்டிகள். பின் டயர் நடுவில் தேய்ந்து தட்டையாகிவிட்டது, முன் டயரில் இன்னும் பட்டன் இருக்கிறது. ஏற்காட்டு வளைவுகளுக்காக நல்ல ஸ்போர்ட் டயராகப் போடலாமா, பின்னால் 190/50 அளவுக்குப் பதில் கொஞ்சம் உயரமான 190/55 போடலாமா, பின் டயரை மட்டும் மாற்றினால் போதுமா?

மூன்றில் முதல் கேள்விக்குப் பதில் தெரிந்தால் மற்றவை தானாக வரும். முதலில் உங்கள் கிலோமீட்டரைப் பிரித்துப் பாருங்கள். பெங்களூரு போய்த் திரும்ப ஏறக்குறைய 400 கி.மீ., இரண்டு தடவைக்கு 800. ஏற்காடு போய்த் திரும்ப 60, இரண்டு தடவைக்கு 120. அந்த 120-லும் அடிவாரத்துக்கு மேலே உள்ள மலைப்பாதை மட்டும் கணக்குப் பார்த்தால் நூறுக்குள்தான் வரும். ஆக, பத்தில் ஒரு பங்கு வளைவு, ஒன்பது பங்கு நேர்கோட்டில் என்.எச். 44. பின் டயர் நடுவில் தட்டையானதற்குக் காரணம் டயரின் குறை இல்லை, இந்தக் கணக்குதான்.

இன்னொன்று, ஏற்காடு சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் முதல் அல்லது இரண்டாம் கியரில், 20, 30 கி.மீ. வேகத்தில் திரும்புகிற வளைவுகள். அந்த வேகத்தில் பைக் அதிகம் சாயாது. நீங்கள் கேட்கும் ஸ்போர்ட் டயரின், அதாவது ஹைப்பர்ஸ்போர்ட் வகையின், விளிம்பில் இருக்கும் மென்மையான ரப்பருக்கு அங்கே வேலையே வராது. வேலை வராதது மட்டுமல்ல, அது சூடாகவும் ஆகாது. அந்த வகை ரப்பர் நன்றாகச் சூடான பிறகுதான் முழுப் பிடிமானம் தரும். ஐப்பசி, கார்த்திகையில் காலை ஏழு மணிக்கு மூடுபனியும் ஈரமுமாக இருக்கிற மலைப்பாதையில், 25 கி.மீ. வேகத்தில், அது அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. அங்கே உங்களைக் கீழே தள்ளக்கூடியவை வேறு: மர நிழலில் காயாத பாசி, ஊறிக் கிடக்கும் சருகு, பஸ்ஸும் லாரியும் வளைவில் ஏறும்போது சிந்திய டீசல், மழை அடித்துக்கொண்டு வந்த மண். குளிரிலும் ஈரத்திலும் உடனே பிடிக்கும், சிலிக்கா அதிகம் கலந்த ரப்பர்தான் இதற்கெல்லாம் பதில். அது இருப்பது நெடும்பயணத்துக்கான ஸ்போர்ட் டூரிங் டயரில்.

இந்த வகை டயர்களில் பெரும்பாலானவை இரண்டு வகை ரப்பர் கொண்டவை. நடுப்பட்டையில் கடினமானது, இரு தோள்களிலும் மென்மையானது. நெடுஞ்சாலையில் நடுப்பகுதி தாக்குப்பிடிக்கும், சாயும்போது தோள் பிடிக்கும். மழைநீரை வெளியேற்றும் வரிப்பள்ளங்களும் ஸ்போர்ட் டயரைவிட இதில் அதிகம். 190/50 என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பைக் நின்ஜா 1000எஸ்எக்ஸ் மாதிரியான ஒன்றாக இருக்க வேண்டும். அதில் கம்பெனியே போட்டு அனுப்பியது பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்22. அது ஹைப்பர்ஸ்போர்ட் வகை. அதனால்தான் முதல் டயர் சீக்கிரம் தீர்ந்ததாகப் பலருக்கும் தோன்றுகிறது. “கம்பெனி போட்டதையே போடு” என்று சொல்வார்கள். அளவுக்கு அது சரியான அறிவுரை, மாடலுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை.

இனி எடை. டயர் வாங்குபவர்கள் பிராண்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள், பக்கச்சுவரில் உள்ள இரண்டு இலக்க எண்ணைப் பார்க்க மாட்டார்கள். “120/70 இசட்.ஆர். 17, 58 டபிள்யூ” என்றால் கடைசியில் உள்ள 58தான் சுமைக் குறியீடு, அந்த டயர் தாங்கும் உச்சச் சுமை 236 கிலோ. பின்னால் 190/50-ல் 73 என்று இருக்கும். அது 365 கிலோ. டபிள்யூ என்பது 270 கி.மீ. வேகத்துக்கான குறி. உங்கள் கணக்கு: பைக் 240, ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் சேர்ந்து 140, பெட்டியும் சாமானும் 25. மொத்தம் 405 கிலோ. பின்னால் ஆளும் பெட்டியும் இருக்கும்போது அதில் அறுபது சதவீதம் பின் சக்கரத்தில் இறங்குகிறது என்று வைத்தால் 243 கிலோ. 365-க்கு நிறைய இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அந்த 365, டயரில் உச்சக் காற்று இருக்கும்போது மட்டும்தான். 30 பி.எஸ்.ஐ. காற்றோடு, எச்சரிக்கைப் பலகை இல்லாத ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் அந்த இடைவெளி காணாமல் போய்விடும். பைக் கையேட்டில் ஆள், சாமான் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று ஓர் உச்சவரம்பு போட்டிருப்பார்கள். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். டயர் தாங்கும் என்பதற்காகச் சஸ்பென்ஷனும் தாங்கும் என்று ஆகாது.

குறியீடு குறைந்த டயரை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். 58-க்குப் பதில் 54, 73-க்குப் பதில் 69 என்று சலுகை விலையில் வந்தாலும் வேண்டாம். வேகக்குறியும் அப்படித்தான். “நான் 120-க்கு மேல் போவதே இல்லை, எச் மாதிரி குறைந்த வேகக்குறி போதாதா” என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதில்லை. ரப்பருக்கு அடியில் உள்ள டயரின் உள்கூடு எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதும் அதற்குள் அடக்கம். மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு கிருஷ்ணகிரியிலிருந்து சேலம் வரை கனமான பைக்கை ஓட்டினால் அந்தத் தாங்குதிறன் எதற்கு என்று புரியும். உள்நாட்டில் தயாராகும் 150/60 அளவு ரேடியல்கள் நல்ல டயர்கள்தான், ஆனால் அவை 300, 400 சி.சி. பைக்குகளுக்கானவை. ஆறு அங்குல ரிம்மில் அவற்றுக்கு இடமில்லை.

சில மாடல்களில் ஜி.டி. என்று தனியாக ஒரு வகை வரும். மிச்செலின் ரோடு 6-க்கு ரோடு 6 ஜி.டி. இருக்கிறது, பிரிட்ஜ்ஸ்டோன் டி32-க்கு டி32 ஜி.டி. இருக்கிறது. மேல் ரப்பர் ஏறக்குறைய ஒன்றுதான், உள்கூடு மட்டும் கடினமாக இருக்கும். இவை எஃப்.ஜே.ஆர். 1300, கே1600 போன்ற 290 கிலோவுக்கு மேற்பட்ட பைக்குகளை மனதில் வைத்துச் செய்தவை. உங்கள் பைக்குக்குச் சாதாரண வகையே போதும். பெட்டியும் பின் ஆளும் எப்போதும் உண்டு என்றால் ஜி.டி. போடலாம், தவறில்லை. தனியாக ஓட்டும்போது பள்ளம் மேடெல்லாம் கொஞ்சம் கூடுதலாக முதுகுக்குத் தெரியும், அவ்வளவுதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலக்காதீர்கள்.

190/55 விஷயத்தில் என் பதில்: வேண்டாம். 190/50 டயரின் வெளி விட்டம் சுமார் 622 மி.மீ.; 190/55-க்கு 641. பின்பக்கம் ஒன்பதரை மி.மீ. உயரும், சுற்றளவு மூன்று சதவீதம் கூடும். பின்பக்கம் உயர்வதால் பைக் சுறுசுறுப்பாகத் திரும்புவது உண்மை. அதற்காகவே பலர் மாற்றுகிறார்கள். ஆனால் இந்த வகை பைக்கில் ஏ.பி.எஸ்.ஸும், பின் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோலும் முன், பின் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கின்றன. அந்த விகிதம் கம்பெனி வைத்த அளவுக்கானது. தவிர, சைடு ஸ்டாண்டில் பைக் இன்னும் சாய்ந்து நிற்கும், சீட்டும் உயரும். ஏற்காட்டு ஏரிக்கரைப் பக்கம் சரிவான இடத்தில் பெட்டியோடு நிறுத்தி, நுனிக்காலில் தாங்கிப் பின்னால் தள்ளும்போது இந்த ஒன்பதரை மி.மீ. பெரிதாகத் தெரியும். திரும்புவது மந்தமாக இருக்கிறது என்பதுதான் குறை என்றால், அதற்கு முதல் காரணம் நடுவில் தட்டையான பழைய டயரே. புதிய 190/50 போட்டாலே பாதிக் குறை போய்விடும்.

பின் டயரை மட்டும் மாற்றலாமா? இதற்கு முன்பக்க டயரைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் பட்டன் ஆழமாக இருப்பது மட்டும்தான் தெரியும். உள்ளங்கையை வைத்து முதலில் சுழலும் திசையிலும், பிறகு எதிர்த்திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால் ஒவ்வொரு பட்டனும் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். கனமான பைக்கை மலையிலிருந்து இறக்குகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம்; நானூறு கிலோவை அந்த உயரத்திலிருந்து இறக்கும்போது வரும் வேகத்தை எஞ்சின் பிடிக்காவிட்டால் பிரேக்தான் பிடிக்க வேண்டும், பிரேக் பிடித்தால் எடை முழுதும் முன் டயரின் மேல் சாயும். மூன்றாம் கியரில் உருட்டிவிட்டு வளைவுக்கு வளைவு முன் பிரேக்கை அழுத்துபவர்களுக்கு ரம்பம் சீக்கிரம் விழும். இரண்டாம் கியரில் இறக்குபவர்களுக்குத் தாமதமாக விழும். காற்றுக் குறைவும் இதை வேகப்படுத்தும். தேய்மானம் குழிகுழியாக இருந்தால் ஃபோர்க் ஆயிலையும் ஸ்டியரிங் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் புது டயரிலும் அதே குழி வரும்.

ரம்பம் இல்லை, பள்ளம் 3 மி.மீ.க்கு மேல் இருக்கிறது, தேதியும் பழசில்லை என்றால் முன் டயரை வைத்துக்கொண்டு, அதே மாடலில் பின் டயரை மட்டும் மாற்றலாம். மாடலே மாறுகிறது என்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒவ்வொரு கம்பெனியின் டயருக்கும் வளைவு வடிவம் வேறு. முன்னது சீக்கிரம் சாயும் வடிவமும் பின்னது நிதானமாகச் சாயும் வடிவமுமாக இருந்தால், வளைவின் நடுவில் பைக் இரண்டு மனதாக இருக்கும். ரேடியலும் பயஸ் டயரும் உள்கூட்டின் இழை அமைப்பிலேயே வேறு வேறு, அவற்றைக் கலப்பது பற்றிப் பேச்சே வேண்டாம்.

எந்த மாடல் என்று கேட்டால், மிச்செலின் ரோடு 6, மெட்ஸலர் ரோட்டெக் 01 எஸ்.இ., பிரெல்லி ஏஞ்செல் ஜி.டி. 2, பிரிட்ஜ்ஸ்டோன் டி32, டன்லப் ரோட்ஸ்மார்ட் 4, கான்டினென்டல் ரோட் அட்டாக் 4. இதில் எதைப் போட்டாலும் உங்கள் ஓட்டத்துக்குக் குறை வராது. ஈரச்சாலைக்கே முதலிடம் என்றால் நான் ரோடு 6 அல்லது ரோட்டெக் பக்கம் சாய்வேன். ஏஞ்செல் வளைவுகளில் கொஞ்சம் கூர்மையாகத் திரும்பும். ஆனால் இங்கே உண்மையில் முடிவு செய்வது உங்கள் விருப்பம் இல்லை, கையிருப்பு. 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்ததிலிருந்து பெரிய பைக் டயர்கள் சீராக வருவதில்லை. சேலத்தில் இந்த அளவை இருப்பில் வைத்திருக்கும் கடை அபூர்வம். பெங்களூரு, கோவை, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். எனவே நடுப்பட்டை முழுக்கத் தேய்ந்த பிறகு தேடத் தொடங்காதீர்கள். பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு மேடுதான் தேய்மானக் குறி, அதன் உயரம் 0.8 மி.மீ. ரப்பர் அதுவரை தேய்ந்தால் டயர் முடிந்தது. 2 மி.மீ. இருக்கும்போதே சொல்லி வையுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் என்றால் 2 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது நல்லது.

பணம் கொடுக்கும் முன் பக்கச்சுவரின் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நிழலில், குளிர்ந்த இடத்தில் வைத்திருந்த டயர் ஒன்றிரண்டு வருடம் பழசானாலும் கெட்டுப்போகாது. மூன்றைத் தாண்டினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், ஐந்தைத் தாண்டினால் திருப்பி அனுப்புங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். “ஆறு மாதம்தான் ஓடியது” என்று வரும் பழைய டயர் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். உள்ளே இருக்கும் பஞ்சர் ஒட்டு வெளியே தெரியாது.

மாட்டும் இடத்தில்தான் அதிகம் கெடுகிறது. கார் டயர் மாற்றும் இயந்திரத்தில் பைக் ரிம்மைப் பிடிக்கும் கொக்கிகளுக்குப் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ரிம் விளிம்பு நசுங்கும், அங்கிருந்துதான் பிறகு காற்று கசியும். சக்கரத்தைக் கழற்றும்போது பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது, கயிற்றால் கட்டி நிறுத்த வேண்டும். டிஸ்க்கும் ஏ.பி.எஸ். வளையமும் தரையில் படும்படி சக்கரத்தைப் படுக்க வைக்கக் கூடாது. ஆக்சிலில் சக்கரத்தின் இரு பக்கமும் வரும் இடப்புற, வலப்புறக் காலர்கள் வேறு வேறு அளவாக இருக்கலாம், எது எந்தப் பக்கம் என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். டயரில் காற்றழுத்த சென்சார் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்; ‘பீடு’ என்கிற, ரிம்மில் உட்காரும் டயர் விளிம்பை வால்வு இருக்கும் பக்கத்தில் அழுத்தினால் சென்சார் உடையும். ரப்பர் வால்வு என்றால் டயரோடு அதையும் மாற்றிவிடுங்கள். அது மலிவுதான், ஆனால் 100 கி.மீ. வேகத்தில் அது பிளந்தால் ஆபத்து.

அம்புக்குறி சுழலும் திசையில் இருக்க வேண்டும். பக்கச்சுவரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைப்பார்கள். புள்ளியே இல்லாத டயரும் உண்டு, கவலை வேண்டாம். பீடு உட்காரக் காற்றடிக்கும்போது 50 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்ற வேண்டாம். உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கிவிட்டு மறுபடி பீடு பேஸ்ட் தடவி அடிக்க வேண்டும். “டப் டப்” என்று இரண்டு சத்தம் கேட்ட பிறகு, ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே இடைவெளியில் இருக்கிறதா என்று இரு பக்கமும் பாருங்கள். ஓரிடத்தில் கோடு உள்ளே போயிருந்தால் அந்த டயர் வட்டமாக உட்காரவில்லை. பேலன்சிங் கட்டாயம். பைக் அடாப்டர் உள்ள இயந்திரம் கிடைக்காவிட்டால், சக்கரத்தை ஆக்சிலில் தொங்கவிட்டு எடை ஒட்டும் எளிய ஸ்டாண்டே போதும்.

மாட்டிய பின் செயின் தொய்வு, இருபக்க அட்ஜஸ்டர் குறிகள், ஆக்சில் நட்டின் இறுக்கம், புது காட்டர் பின். இறுக்கத்தின் அளவு கையேட்டில் இருக்கும், டார்க் ரெஞ்ச் இல்லாத கடையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முன் சக்கரத்தில் ஆக்சிலை இறுக்கியபின், பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஃபோர்க்கை நாலைந்து முறை அழுத்தி எழுப்பி, பிறகுதான் ஆக்சிலைக் கவ்விப் பிடிக்கும் பின்ச் போல்ட்டை இறுக்க வேண்டும். கடையை விட்டுக் கிளம்பும் முன் பிரேக் லீவரைக் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். பிரேக் பேட்கள் விலகியிருக்கும், முதல் அழுத்தலில் பிரேக் பிடிக்காது.

காற்று: நின்ஜா 1000எஸ்எக்ஸ் என்றால் முன்னால் 36, பின்னால் 42 பி.எஸ்.ஐ.; வேறு பைக் என்றால் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் அளவு. குளிர்ந்த டயரில், ஓட்டி மூன்று மணி நேரமாவது ஆன பிறகு பார்க்க வேண்டும். பங்க்கில் 42 என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பாதிப் பேர் தாங்களாகவே 32-ல் நிறுத்துவார்கள். சொந்தமாக ஒரு கேஜ் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

மலைக்குப் போகிறோமே, காற்றைக் குறைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். குறைக்க வேண்டாம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறோம், வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு. அதனால் கேஜ் ஏறக்குறைய 2 பி.எஸ்.ஐ. அதிகம் காட்டும். அதே சமயம் மேலே பத்து டிகிரி குளிர் அதிகம் என்றால், 42 பி.எஸ்.ஐ. டயரில் குளிரால் மட்டும் ஏறக்குறைய 2 குறையும். ஒன்று மற்றதைச் சரிக்கட்டிவிடுகிறது. சேலத்தில் சரியாக வைத்த காற்று ஏற்காட்டிலும் சரியாகவே இருக்கும். மேலே தங்கி, விடிகாலைக் குளிரில் 42 வைத்துக்கொண்டு மதிய வெயிலில் சேலத்துக்கு இறங்கினால் இரண்டு பாயிண்ட் கூடியிருக்கும். அதற்காகப் பயப்பட ஒன்றுமில்லை, மறுநாள் காலையில் சரிசெய்தால் போதும். ஓட்டத்தில் சூடாகி ஏறிய காற்றை மட்டும் எந்த நேரத்திலும் இறக்காதீர்கள்.

புது டயரின் மேல்பரப்பு வழுக்கும். முதல் 150 கி.மீ. வரை திடீர் பிரேக், திடீர் ஆக்சிலரேட்டர் இரண்டும் கூடாது. நெடுஞ்சாலையில் மட்டும் ஓட்டி அந்தத் தூரத்தை முடித்தால் நடுப்பட்டை மட்டும் பழகும், தோள்கள் அப்படியே பளபளப்பாக இருக்கும். அதை நம்பி நேராக அடிவாரம் போனால் முதல் கொண்டை ஊசியிலேயே புது ரப்பர்தான் தரையைத் தொடும். காய்ந்த நாளில், வளைந்து நெளியும் ஊர்ச்சாலைகளில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டுங்கள். குப்பனூர் வழி ஏற்காடு சாலையின் தொடக்கப் பகுதி அதற்குப் பொருத்தம், கூட்டமும் குறைவு.

பஞ்சர் ஆனால் நடுப்பகுதியில், 6 மி.மீ.க்கு உட்பட்ட நேரான துளைக்கு மட்டும் ஒட்டு. சாலையோரத்தில் போடும் ரப்பர் திரி வீடு வந்து சேர்வதற்கு மட்டும்தான். வந்ததும் டயரைக் கழற்றி, உள்ளிருந்து காளான் வடிவப் பிளக் போட்டுக்கொள்ளுங்கள். தோளிலோ பக்கச்சுவரிலோ ஆணி ஏறினால் டயர் மாற்றவேண்டியதுதான். ஒட்டுப் போட்ட டயரோடு பின்னால் ஆளையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு தொப்பூர் இறக்கத்தில் வேகம் பிடிக்காதீர்கள்.